கவுன்சலிங் உளவியல் முதுநிலைப் படிப்பு: கட்டிய கட்டணத்துக்குக் கிடைத்தது என்ன?

சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கவுன்சலிங் உளவியலில் எம்.எஸ்சி. பட்டத்தை அண்மையில் முடித்தேன். அதே படிப்பில் சேரலாமா என்று பலரும் கேட்பதால் இதை எழுதுகிறேன். இந்த இரண்டாண்டுப் படிப்பின் மதிப்பெல்லாம் களப்பயிற்சியிலும், அதையொட்டி மூத்த ஆலோசகர் ஒருவர் நடத்தும் மேற்பார்வையிலும்தான் இருக்கிறது. முதலாண்டுப் பாடங்களுக்காக மட்டும் அவ்வளவு பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

ஆளுமைக் கோட்பாடுகள், புள்ளியியல், ஆய்வு முறையியல் ஆகியவை பெரும்பாலும் திரையில் ஓடிய வரிகளை ஆசிரியர் வாசித்துக் காட்டுவதாகவே கழிந்தன. இதற்கு விதிவிலக்கு தொழில் நெறிமுறை வகுப்பு. மனநலம் சார்ந்த தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கிறது. ஆனால், ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைக் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. "யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே மிஸ்?" என்று பள்ளி மாணவி ஒருத்தி கேட்டால் என்ன பதில் சொல்வது, அந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே முதல் சந்திப்பில் ரகசியத்தின் எல்லையை அவளுக்குப் புரியும்படி எப்படி விளக்குவது என்பதை அந்த ஆசிரியை வாரக்கணக்கில் பயிற்றுவித்தார்.

மேற்பார்வைக்கு வருகிறேன். ஆலோசனைக்கு வந்தவரின் சம்மதத்துடன் பதிவு செய்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொண்டுவர வேண்டும். தாளில் மூன்று பத்திகள்: வந்தவர் சொன்னது, நாம் சொன்னது, அந்த நொடியில் நமக்குள் ஓடியது. மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விட்டு வருவார்கள். மேற்பார்வையாளர் முதலில் பார்ப்பதும் அதையே. கணவனை இழந்த ஒரு பெண் அழத் தொடங்கியதும், என் வகுப்புத் தோழி ஒருவர் யோகா வகுப்பில் சேரும்படி யோசனை சொல்லியிருந்தார். மேற்பார்வையாளர் பதிவை அங்கேயே நிறுத்தி, "அந்த யோசனை அவங்களுக்கா, அவங்க அழறதைப் பார்க்க முடியாத உங்களுக்கா?" என்று கேட்டார். ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உண்மைத்தன்மை மூன்றையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு, அவற்றின் பொருள் அந்தக் கேள்வியில்தான் விளங்கியது.

குறைகளும் சிறியவை அல்ல. பயிற்சிக்கான இடத்தை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பரிந்துரைக் கடிதம் கொடுப்பதுடன் கல்லூரியின் பொறுப்பு முடிந்துவிட்டது. பள்ளிகளுக்கு எடுத்துச் சென்ற ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததால், பெற்றோருக்குப் புரியும்படி நாங்களே தமிழில் எழுதி அச்சடித்தோம். 1794 முதல் வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றார்கள். வார்டுகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியதைப் பயிற்சி என்று சொல்ல மனம் வரவில்லை.

எல்லாவற்றையும்விட உறுத்தியது சேர்க்கை விளம்பரம். படிப்பை முடித்தவர்கள் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' (மனநலக் கோளாறுகளை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் உளவியலாளர்) ஆகலாம் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. அப்படிப் பதிவு செய்துகொள்ள, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தனிப்படிப்பு தேவை; எங்கள் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், ஐ.டி. நிறுவனங்களின் ஊழியர் நலப் பிரிவு ஆகியவற்றில் ஆலோசகராகப் பணியாற்ற இந்தப் பட்டம் உதவும். ஆனால் தொடக்கச் சம்பளம் கட்டணத்தை விரைவில் ஈடுகட்டும் அளவில் இல்லை. வங்கிக் கடன் வாங்கிச் சேருபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அஞ்சல் வழியில் மலிவாகப் படிக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: உளவியல் உள்ளிட்ட சுகாதாரப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. மேற்பார்வையே இல்லாமல் பட்டம் வாங்கும் வழி அடைபட்டதில் எனக்கு வருத்தமில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு என்றாலும்.

எந்தக் கல்லூரியில் சேருவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் துறைத்தலைவரிடம் நேரில் கேளுங்கள்: மேற்பார்வை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு குழுவில் எத்தனை மாணவர்கள், மேற்பார்வையிடுபவர் இப்போதும் ஆலோசனை வழங்கி வருகிறாரா, பயிற்சி இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா. முடிந்தால் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.