கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு: ஏற்காட்டுக்காரர்களுக்கு எப்படி இருந்தது?

ஏற்காட்டில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் கொரோனா தடுப்பூசி போட ஆன்லைன் பதிவு கட்டாயம் என்று வந்தபோது, எஸ்டேட் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். அந்தப் பதிவுக்காக மத்திய அரசு வைத்திருந்த கோவின் (CoWIN) தளத்தோடு பழகியது அப்படித்தான்.

பதிவு சுலபமாக இருந்தது. பெயர், பிறந்த வருடம், ஆணா பெண்ணா, அடையாள அட்டை எண், அவ்வளவுதான். முழுத் தேதி கேட்காதது எனக்கு ரொம்பப் பிடித்தது. நாகலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியின் ஆதாரில் வருடம் மட்டும்தான் இருந்தது. தேதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நின்றார். பெயர் ஏறியதும் திரையைத் தொட்டுப் பார்த்து, "என் பேரா சாமி இது?" என்றார்.

சிக்கல் எல்லாம் ஓடிபியில்தான். மூன்று நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டியிருந்தது. ஆனால் ஆள் கடையில் இருப்பார், போன் மகனிடம் இருக்கும், மகன் டவர் எடுக்காத தோட்டத்தில் இருப்பான். அப்போது ஒரு நம்பரில் நான்கு பேரைத்தான் சேர்க்க முடிந்தது. வீட்டுக்கு ஒரே போன் உள்ள இடத்தில் ஐந்தாவது ஆள் அக்கம்பக்கத்தில் நம்பர் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஜூன் 21 முதல் நேரில் போனாலே பதிந்து ஊசி போடலாம் என்றான பிறகு, செப்டம்பரில் மெகா முகாம்களும் தொடங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

அதற்குப் பிறகும் முன்பதிவு செய்ய விரும்பியவர்களிடம் நான் சொன்னது இதுதான்: ஊசி போடும் இடத்தை மாவட்டத்தை வைத்துத் தேடாதீர்கள். சேலம் என்று கொடுத்தால் மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி எல்லாம் வந்து குவியும். (ஆத்தூர் மாவட்டப் பட்டியலில் தனியாக இருந்தது.) 636601 என்று பின்கோடு போட்டால் நம் ஊர் மட்டும் வரும். சேலம் டவுனில் இடம் காலியாக இருக்கிறதே என்று 636001-இல் போட்டுவிட்டால், கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி ஏறுவதற்குள் அன்றைய கூலி போய்விடும்.

ஊசி போடக் கிளம்பியவர்களிடம் அப்போது சொன்னது: கிளம்பும்போது பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுச் சீட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணை ஊசி போடும் இடத்தில் கேட்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை நானே பெரிதாக எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நம் குளிருக்கு ஸ்வெட்டருக்குள் இறுக்கமான முழுக்கைச் சட்டை போட்டுப் போய், அங்கே கையை மடிக்க முடியாமல் தவித்தவர்கள் நிறைய. தளர்வான கை வைத்ததாகப் போடுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள், பஸ் வந்துவிட்டது என்று எழுந்து ஓடாதீர்கள். மறுநாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். முடிந்தால் அன்றைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.

அப்புறம், 2021-இல் கோவிஷீல்டுக்கு 84 நாள், கோவாக்சினுக்கு 28 நாள் கழித்துத்தான் இரண்டாவது டோஸ் போட்டார்கள். அதற்கும் சான்றிதழுக்கும் முதலில் கொடுத்த நம்பர்தான் வேண்டியிருந்தது. சிம்மை மாற்றிவிடாமல் ரீசார்ஜ் போட்டு வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.