ஆண்டு மலரா, வாட்ஸ்அப் குழுவா?

யாழ்ப்பாணப் பாடசாலைகளின் பழைய மாணவர்கள் டொராண்டோ, லண்டன், சிட்னி என்று பரந்து கிடக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து வைக்க வாட்ஸ்அப் குழுதான் வசதி. ஒரு மரணச் செய்தி கூட சில நிமிடங்களில் எல்லோருக்கும் போய்விடும். ஆனால் படத்தின் தரம் குறையும், பழைய பேச்சைத் தேடி எடுப்பதும் சிரமம்.

பாடசாலை ஆண்டுதோறும் அச்சிடும் மலருக்குச் செலவு அதிகம். ஆனாலும் வரலாற்றுக்கு நான் மலரையே நம்புவேன். பாடசாலை அதிபர் அறிக்கை, கிரிக்கெட் அணிப் படம், அதன்கீழே நிற்போர், இருப்போர் பெயர் வரிசை எல்லாம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் மலரும் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் ஆபத்து. 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் திட்டம் பாடசாலை மலர்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய மலர்களைக் குழுவில் கேட்டு வாங்கி, முதலில் அங்கே கொடுங்கள்.