ரேடியேஷன் தடுப்பு ஸ்டிக்கர்: காசைக் கரியாக்கும் சரக்கு

ஃபோன் முதுகில் ஒட்டும் பொன்னிற ஸ்டிக்கர். ஆன்லைனில் விதவிதமான பெயர்களில் விற்றாலும் பெரும்பாலும் சரக்கு ஒன்றுதான்: பசை தடவிய மெல்லிய உலோகத் தகடு. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுப்பதே தாராளம்.

ஒட்டச் சொல்லும் இடமே கோளாறு. இன்றைய ஃபோன்களில் ஆன்டெனாக்கள் விளிம்பை ஒட்டி இருக்கின்றன. நடு முதுகில் ஒட்டும் காசளவுத் தகடு அலையின் வழியில் குறுக்கிடுவதே இல்லை. சரி, ஆன்டெனா மேலேயே ஒட்டினால்? அதுதான் வில்லங்கம். டவருக்குச் சிக்னல் குறைந்தால் ஃபோன் பவரை ஏற்றிக்கொள்ளும். 4ஜி ஃபோன் உச்சத்தில் சுமார் 200 மில்லிவாட் வரை போகும். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் சொற்பமே போதும். இந்தக் கவசங்களால் ஃபோன் கூடுதல் பவர் இழுத்து கதிர்வீச்சு அதிகமாகலாம் என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனே எச்சரிக்கிறது.

விற்பவர்கள் மீட்டர் வைத்து, ஸ்டிக்கர் ஒட்டியதும் முள் இறங்குவதாக வீடியோ காட்டுவார்கள். அழைப்பு இணையும்போது பவர் ஏறி, பிறகு தானாக இறங்குவது ஃபோனின் வழக்கம். ஸ்டிக்கர் இல்லாமலும் முள் இறங்கும். ஸ்டிக்கர் சிக்னலைக் கெடுக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டுமா? ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் போய் சிக்னல் எண்ணைப் பாருங்கள். ஃபோனை நகர்த்தாமல், ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் கவனியுங்கள். நாலைந்து டெசிபல் தானாகவே ஆடும். மைனஸ் 85 இருந்தது மைனஸ் 95 என்று நிலைத்துவிட்டால், வரும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

உண்மையான பாதுகாப்பு வரம்பில்தான் இருக்கிறது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் எஸ்.ஏ.ஆர்., அதாவது உடல் திசு உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு, அதற்கான வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியில். திரவம் நிரப்பிய பொம்மைத் தலை அருகே ஃபோனை முழு பவரில் ஓடவிட்டு அளப்பார்கள். *#07# அடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் வரும் எண் அந்த உச்ச அளவுதான். அதனால் 0.8 ஃபோனைவிட 1.2 ஃபோன் அன்றாடத்தில் மோசம் என்று சொல்லிவிட முடியாது.

வரம்பு மீறினால் என்ன செய்வார்கள்? 2023இல் ஐபோன் 12ஐ பிரான்ஸ் சோதித்தபோது, கையில் பிடிக்கும் நிலைக்கான வரம்பு கிலோவுக்கு 4 வாட், வந்தது 5.74. விற்பனையை நிறுத்தினார்கள். ஆப்பிள் மென்பொருள் அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. ஸ்டிக்கர் கொடுக்கவில்லை.

கழுத்தில் மாட்டும் பென்டன்ட் வகையறா இன்னும் மோசம். 5ஜியைத் தடுக்கும் என்று விற்ற சில பொருட்களே கதிரியக்கம் கொண்டவை என்று 2021 டிசம்பரில் நெதர்லாந்து அரசு எச்சரித்தது.

குறைக்க நினைப்பவர்கள் ஸ்பீக்கரிலோ வயர் இயர்ஃபோனிலோ பேசுங்கள். லிஃப்ட், பேஸ்மென்ட் போல சிக்னல் செத்த இடங்களில் நீண்ட நேரம் பேசுவதைத் தவிருங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் வயர்லெஸ் சார்ஜரில் வைக்குமுன் உரித்துவிடுங்கள். உலோகத் தகடு சூடேறும்.