மயிலாடியில் செய்வித்த சுடலைமாடன்: ஒரு சிற்பப் பட்டறை பற்றிய மதிப்பீடு

எங்கள் குடும்பக் கோயிலில் நான்கு தலைமுறையாக மண் பீடமாகவே நின்ற காவல் தெய்வமான சுடலைமாடனுக்குக் கல்லில் உருவம் செய்து வைப்பது என்று சென்ற ஆண்டுக் கொடை விழா முடிந்த மறுவாரம் முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில் விழுந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் மூன்று பட்டறைகளில் விசாரித்து, ஒன்றில் 3 அடி உயரச் சிலையை 95,000 ரூபாய்க்குப் பேசி, 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். வேலைப்பாட்டில் நிறைவும் நாள் தவறியதில் மனக்குறையும் சேர்ந்தே இருப்பதால் பட்டறையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். கல்லில் சாமி செய்யக் கொடுக்க நினைப்பவர்களுக்குப் பெயரைவிட, அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்திருப்பதே அதிகம் பயன்படும்.

சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள மயிலாடியின் கல் சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது என்பது பலருக்கும் தெரியும். நாங்கள் போன பட்டறையின் முற்றத்தில், கேரளத்துக் கோயில் ஒன்றுக்குப் போகவிருந்த சாஸ்தாவும், யாரோ ஒருவருடைய கல்லறைக்கான சிலுவையும், தலை இன்னும் வெளிப்படாத நந்தியும் ஒரே ஓலைப்பந்தலின் நிழலில் கிடந்தன. தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) ஆலயம் 1809-இல் எழுந்ததும் இதே ஊரில்தான் என்பதால், இந்த அண்டைவாசம் அங்கே எவருக்கும் வியப்பளிப்பதில்லை. கல் தேர்வு செய்யும் நாளன்று எங்களை நேரில் வரச் சொன்னார்கள். மூத்த ஸ்தபதி சுத்தியலால் ஒவ்வொரு கல்லையும் தட்டி, மணியோசை போல நீண்டு ஒலிப்பது ஆண் கல், அதைவிட மெல்லிய ஓசை தருவது பெண் கல், ஓசையே எழாதது நபும்சகக் கல் என்று விளக்கி, எங்கள் கையிலும் சுத்தியலைக் கொடுத்துத் தட்டிக் கேட்க வைத்தார். மற்ற இரண்டு பட்டறைகளில் கல்லைக் காட்டினார்களே ஒழிய ஒலியைக் கேட்கவிடவில்லை. இந்த ஒன்றுக்காகவே இவர்களைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்து முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

பீடமாக இருந்தவரைக்கும் சுடலைக்கு முகமே கிடையாது. மேலே குறுகிச் செல்லும் மண் பீடம், அதில் சுண்ணாம்புப் பூச்சு, கொடையன்று சாத்தும் பூமாலை, அவ்வளவுதான். அவரவர் மனத்தில் அவரவருக்கு வேண்டிய சுடலை இருந்தார். அவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டிய தேவை நூறாண்டுகளில் ஒருமுறைகூட எழவில்லை. முகம் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றானதும், எங்கள் குடும்பத்தில் எத்தனை சுடலைமாடன்கள் இருந்தார்கள் என்பது ஒரே வாரத்தில் வெளிப்பட்டுவிட்டது.

தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமாவுக்கு, காது வரை ஏறி முறுக்கிய மீசையும் விரிந்த மார்பும் வேண்டும். கையில் வல்லயத்தை, அதாவது ஈட்டியை, வைத்திருக்கும் விதம்கூட அணிவகுப்பில் துப்பாக்கி பிடிப்பது போல இருக்க வேண்டும் என்று அவரே எழுந்து நின்று காட்டினார். சின்ன மதினிக்குச் சிரித்த முகம் வேண்டும். பிள்ளைகள் தேர்வு எழுதப் போகுமுன் வந்து கும்பிடும் சாமி கடுகடுவென்று பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி மகன், இணையத்தில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். வயிற்றில் ஆறு கட்டுகளாகத் தசை திரண்டு, உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக எழுந்து வந்தவர் போன்ற ஒரு சிவனின் படம் அது. செலவில் பாதியை அவன் தருவதால், அந்தப் படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு வயதில் நள்ளிரவில் சாமியாடும் கோமரத்தாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டு வேட்டைக்குப் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்து நடுங்கியவன் நான். ஆகவே, கண் பிதுங்காத, பயமுறுத்தாத ஒரு சுடலை வேண்டும் என்று ஸ்தபதியிடம் தனியாகச் சொல்லி வைத்தேன்.

வில்லுப்பாட்டில் வரும் சுடலைமாடனின் கதையை அறிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். விளக்குச் சுடரின் பொறியிலிருந்து பிறந்து, கயிலாயத்திலிருந்து நழுவிச் சென்று சுடலையில் பிணம் தின்று, அதனாலேயே அங்கிருந்து விலக்கப்பட்டு, வழியெல்லாம் அழித்துக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தவர் அவர். தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கு அவர் புன்னகை புரிய வேண்டும் என்று கேட்பது, அவரை நாம் வேலைக்கு வைத்துக்கொண்டு சீருடையும் கொடுப்பதைப் போன்றது. ஆனால் மதினி ஒரு கேள்வி கேட்டார்: அந்தப் பழைய கதையையும் யாரோ தங்கள் தேவைக்காகத்தானே பாடினார்கள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. விளைந்த வயலுக்கும் சுடுகாட்டு வழிக்கும் ஆளில்லாத இரவுக்கும் காவல் தேவைப்பட்ட காலத்தில், பிணத்துக்கும் அஞ்சாத ஒருவரே காவலுக்குப் பொருத்தமானவர். இன்று தெருவிளக்கு எரிகிறது, கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, விசாதான் கிடைக்கவில்லை.

இந்த வாக்குவாதத்தின் நடுவே எங்கள் அத்தான் ஒருவர், அய்யாவழியைப் பின்பற்றுபவர், ஒரு சொல் சொன்னார். அய்யா வைகுண்டர் (1809–1851) வழிவந்த பதிகள் எனும் வழிபாட்டுத் தலங்களில், சாமிதோப்பு உட்பட, பள்ளியறையில் உருவச் சிலை இல்லை, நிலைக்கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டிச் சென்று நிற்பவர் தம்மையே அதில் காண்பார். “ஒங்க எல்லாருக்கும் ஒங்க மொகத்தத்தானே பாக்கணும்? ஒரு கண்ணாடி வாங்கி வச்சா செலவு கொறவு இல்லியா?” என்றார். மாமா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பட்டறையை நான் பாராட்டுவது, இத்தனை பேருடைய ஆசையையும் அவர்கள் கையாண்ட விதத்துக்காக. ஸ்தபதி எவரையும் மறுக்கவில்லை. எவருக்கும் வாக்குறுதியும் தரவில்லை. ஒரு கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். முகத்தின் நீளம் ஒரு தாலம். மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம், காவல் தெய்வங்களுக்குத் தங்கள் பட்டறையில் நவதாலமே, அதாவது ஒன்பது முக நீளமே, வழக்கம். 36 அங்குலச் சிலை என்றால் முகத்துக்கு 4 அங்குலம்தான் கிடைக்கும். மாமா கேட்ட அளவுக்கு மீசை நிற்க வேண்டுமானால் முகம் 6 அங்குலமாவது வேண்டும். அப்போது சிலை 54 அங்குலத்துக்கு உயரும். பீடத்தையும் சேர்த்தால் கருவறைக் கூரை இடிக்கும். “அளவு எனக்க கையில இல்ல மக்களே. மொகத்துல கொஞ்சம் எடம் உண்டு, அதுல வேணும்னா ஒங்க ஆசையெ வச்சுக்கிடலாம்” என்று முடித்தார். ஆறு கட்டுத் தசை அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று. மஸ்கட்டுக்கு அதை எடுத்துச் சொல்லும் வேலை மட்டும் என்னிடம் வந்தது.

அங்கே வருபவர்கள் கொண்டுவரும் மாதிரிப் படங்களை அவர் தம் கைபேசியில் சேர்த்து வைத்திருக்கிறார். கணினி முன் அமர்ந்த பிள்ளையார், மட்டை பிடித்த பிள்ளையார், உடல் முழுவதும் தசை புடைத்த அனுமன், கையிலிருந்து நாணயம் கொட்டும் லட்சுமி. லட்சுமியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாட்காட்டிப் படத்தைத்தான் நீட்டுவார்கள் என்றார். அந்த முகத்துக்கு வயது அதிகமில்லை. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கி அச்சிட்ட படங்களும், பின்னர் கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த படங்களும் வீட்டுச் சுவர்களில் ஏறிய பிறகே, சாமியின் முகம் என்றால் இதுதான் என்று நாம் பழகிப்போனோம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் பெண் வடிவப் பிள்ளையார் சிற்பம் ஒன்று உண்டு. அதைப்போல் செய்து தரும்படி ஒருவராவது கேட்டதுண்டா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தார்.

அடியார் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அதுவே அவனுடைய உருவம், எந்தப் பெயரை விரும்புகிறார்களோ அதுவே அவனுடைய பெயர் என்று பொய்கையாழ்வார் பாடினார். அவருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்க நாட்டுப் புலவர் செனோபனிஸ், எத்தியோப்பியர் தம் கடவுளைக் கறுப்பாகவும் சப்பை மூக்கோடும் நினைக்கிறார்கள், திரேசியர் நீலக் கண்ணும் செம்முடியுமாக நினைக்கிறார்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் வரையக் கை இருந்தால் அவையும் மாட்டுச் சாமியையும் குதிரைச் சாமியையுமே வரையும் என்று ஏளனம் செய்தார். இருவரும் கண்டது ஒன்றுதான். ஆழ்வார் அதை இறைவனின் இரக்கமாகக் கொண்டார், கிரேக்கர் மனிதனின் அறியாமையாகக் கொண்டார். பட்டறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தபோது, வந்த ஆளைப் பொறுத்து எனக்கு இருவரும் மாறி மாறிச் சரியாகவே பட்டார்கள். மண்டைக்காட்டு பகவதியையும் அப்போது நினைத்துக்கொண்டேன். அங்கே மூலவர் வளர்ந்து நிற்கும் புற்று. ஆகவே மக்கள் தங்கள் ஆசையை அம்மனின் முகத்தில் ஏற்றுவதில்லை. வலியுள்ள கைக்குக் கை உருவத்தையும் காலுக்குக் கால் உருவத்தையும் கொண்டுவந்து வைக்கிறார்கள். தலைவலி தீர மண்டையப்பம் படைக்கிறார்கள். ஆசை தனியாகவும் சாமி தனியாகவும் நிற்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது என்பது என் கருத்து. பீடத்தை அப்படியே விட்டிருக்கலாமோ என்ற எண்ணமும் அன்று எழுந்தது. முன்பணம் கொடுத்தாயிற்று என்பதால் வெளியே சொல்லவில்லை.

இனிச் சிலையைப் பற்றி. உளி வேலை மிக நன்று. காவிக்கோடு போட்ட நாள் முதல் மெருகு வரை நான்கு முறை போய்ப் பார்த்தேன். பெருமளவு கல்லை இயந்திரத்தால் வெட்டினாலும் முகம், விரல்கள், இடுப்பில் அணிந்த அரைச்சல்லடத்தின் மடிப்பு ஆகியவற்றைக் கையுளியாலேயே செய்தார்கள். விரல் நகங்கள் வரை தெளிவாக வந்திருக்கின்றன. எண்ணெய் தடவியதும் கல் ஒரே சீரான கருமையாக நின்றது. ஒட்டுப்போட்ட இடமோ, மாவு வைத்து அடைத்த குழியோ இல்லை. வல்லயத்தின் நுனி மட்டும் தடிமனாக இருக்கிறது. மெல்லியதாக்கினால் அபிஷேகத்தின்போது கை பட்டு உடையும் என்று விளக்கம் சொன்னார்கள், ஏற்றுக்கொண்டேன். குறை, நாள் விஷயத்தில். 60 நாளில் தருவதாகச் சொன்னது 97 நாளாயிற்று. பிரதிஷ்டைக்கு நாள் குறித்து, உறவினருக்கெல்லாம் சொல்லியனுப்பிய பிறகு, கேரளத்து வேலை ஒன்று அவசரமாக வந்துவிட்டது என்று எங்கள் சிலையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள். அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. நேரில் போனால் தேநீர் வாங்கித் தருகிறார்கள். கோபத்தோடு போனவன் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியது மூன்று முறை நடந்தது. வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் பேசிய தொகையில் சேராது என்பதையும் கடைசி நாளில்தான் சொன்னார்கள். தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி அனுப்பிய முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் திறப்புக்கு ஸ்தபதியே வந்து, தனிக் கட்டணம் கேட்காமல், விடியற்காலையில் தங்க ஊசியால் கருவிழிக் கோட்டைத் தொட்டு முடித்தார். அதன்பின் திரை விலக்கி எல்லோரும் பார்த்தார்கள். மீசை தாம் சொன்னபடியே வந்திருக்கிறது என்று மாமா ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உதட்டோரச் சிரிப்பைச் சின்ன மதினி பிள்ளைகளுக்குக் காட்டினார். எனக்கும் கண்கள் அமைதியாகவே தெரிந்தன. காணொளியில் பார்த்த தம்பி மகன், மார்பு நன்றாக எடுத்திருக்கிறது என்று செய்தி அனுப்பினான். ஸ்தபதியை வண்டியில் ஏற்றிவிடப் போனபோது, யாருடைய பேச்சைக் கேட்டுச் செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். தம் அப்பா காலத்திலிருந்து பட்டறையில் இருக்கும் அளவுப்பலகையை வைத்துத்தான் செய்ததாகவும், இதே முகத்தில் ஏற்கெனவே பல ஊர்களுக்கு மாடன் போயிருப்பதாகவும் சொன்னார். வீட்டில் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

பழைய மண் பீடம் சிலைக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அதை எடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. புதிய கல் பீடத்தின் வலது மூலையில், இறக்கும்போது ஒரு விரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. வந்து சரிசெய்து தருவதாகச் சொல்லி ஐந்து மாதமாகிறது. மீதி 5,000 ரூபாயை நானும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.