உத்தரவா, கலந்து பேசுவதா?

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலிருந்து மீன் பிடிக்கப் போகும் வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காற்று திசை மாறும்போது ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்க முடியாது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் உடனே செய்ய வேண்டும். உத்தரவுத் தலைமைக்கு இதுதான் சரியான இடம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது. அதை இங்கே விளக்கத் தேவையில்லை.

அதே குரலைக் கரையில், மகளிர் சுயஉதவிக் குழுவுக்குள் கொண்டுவந்தால் குழு கெட்டுவிடும். யாருக்குக் கடன், எவ்வளவு என்பதைத் தலைவி மட்டும் முடிவு செய்தால், தவணை தவறும் நாளில் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். எல்லோரும் பேசி எடுத்த முடிவு என்றால், வசூலுக்கும் எல்லோரும் வருவார்கள். நேரம் பிடிக்கும்தான். சில கூட்டங்கள் வாக்குவாதத்தில் முடியும். பரவாயில்லை என்பேன்.

சிறுவர் குழுக்களை வைத்து உளவியலாளர் குர்ட் லெவினும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு 1939-இல் வெளியானது. அதட்டி வேலை வாங்கியவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவர் போன பிறகும் நடந்தது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

அப்புறம், இதைப் பழக அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவி முதலில் பேசிவிட்டால், "அக்கா சொன்னா சரிதான்" என்று மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்.