ஹாரோவில் ஃப்ளாட் வாங்கிய கதையில் எங்கள் சொலிசிட்டர்: வேலைக்கு 4, தொலைபேசிக்கு 2

"எந்த சொலிசிட்டரைப் பிடித்தீர்கள், ஆட்கள் எப்படி?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதிவைக்கிறேன். லண்டன் ஹாரோவில் இரண்டு அறை ஃப்ளாட், லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, குறித்த வருடங்களுக்குத்தான் நமக்கு உரிமை), 2025இல் வாங்கினோம். எங்களுக்கு முதல் வீடு. குறையும் சொல்லப்போவதால் சொலிசிட்டர் (வீடு வாங்கும் சட்ட வேலையைச் செய்து தருகிற சட்டத்தரணி) அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. சட்ட வேலைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். தொலைபேசியை எடுப்பதற்கு இரண்டு, அதுவும் இரக்கப்பட்டுத்தான்.

வீட்டு ஏஜென்ட் முதல் நாளே தங்களுடைய ஆளிடம் போகச் சொன்னார், எல்லாம் வேகமாக முடியுமாம். அப்படி அனுப்பிவைக்கிற ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் ஒரு தொகை கிடைக்கும். அதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவர் காட்டுகிற ஆளையே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நாங்கள் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் "எங்கட ஆள்" ஒருவரைச் சொன்னார்கள். நல்ல மனிதர், ஆனால் எங்கள் வங்கியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக்கடன், கொடுக்கிற வங்கிக்கும் பொதுவாக உங்கள் சொலிசிட்டர்தான் வேலை செய்வார்; பட்டியலில் இல்லாதவர் என்றால் வங்கி தன் பக்கத்துக்கு வேறு ஒருவரைப் போடும், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். லைசன்ஸ்ட் கன்வேயன்சர், அதாவது வீடு வாங்கல் விற்றல் வேலைக்கென்றே உரிமம் பெற்றவர், சரிவருமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாகச் சரிவரும். சொலிசிட்டரைக் கண்காணிக்கிற அமைப்பு எஸ்ஆர்ஏ, கன்வேயன்சர் என்றால் பெரும்பாலும் சிஎல்சி, அந்த அமைப்புகளுடைய இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்தால் போதும்.

கட்டண மதிப்பீடு வந்தபோது முதல் வரியில் இருந்த தொகை அழகாக இருந்தது. அதற்குக் கீழே லீஸ்ஹோல்ட் என்பதற்குத் தனிக் கட்டணம், மோர்ட்கேஜ் என்பதற்குத் தனி, வங்கிக்குப் பணம் அனுப்ப, அடையாளம் சரிபார்க்க, ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டுகிற வரி) படிவம் நிரப்ப என்று வரிசை நீண்டது. எல்லாவற்றுக்கும் மேல் வாட் வரி. யாராவது அன்பளிப்பாகப் பணம் தந்தால் அதற்கும் ஒரு கட்டணம்! மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், தாளில் எல்லாம் இருந்தது. ஆனாலும் இரண்டு அலுவலகங்களை ஒப்பிடும்போது கடைசி வரியில் இருக்கிற மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி அவர்களுடைய காசு இல்லை, அரசாங்கத்துக்குப் போவது. எங்கள் விலை 410,000 பவுண். முதல் வீடு வாங்குபவர்களுக்கு 300,000 வரை வரி இல்லை, மிச்சத்துக்கு 5 வீதம், ஆக 5,500. விலை 500,000ஐத் தாண்டினால் இந்தச் சலுகையே கிடையாது.

இந்த அலுவலகத்தை எனக்குப் பிடிக்கவைத்தது காசு எங்கிருந்து வந்தது என்ற விசாரணை. விசித்திரமாகத்தான் இருக்கும், எல்லோரும் திட்டுகிற இடம் அதுதான். கறுப்புப்பணச் சட்டத்தின்படி அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் முற்பணத்தில் சேமிப்பு ஒரு பங்கு, சீட்டுக் காசு ஒரு பங்கு, டொரொன்டோவில் இருக்கும் அக்கா தந்தது ஒரு பங்கு. அக்காவின் பங்குக்கு வழி தெளிவு: திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் உரிமை கோர மாட்டேன் என்று ஒரு கடிதம், அவளுடைய பாஸ்போர்ட், அவளுடைய வங்கிக் கணக்கு விவரம். சீட்டு என்றால் என்ன என்று வெள்ளைக்கார இளம் சட்டத்தரணிக்கு விளங்கப்படுத்தத்தான் பாடுபட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. "மாதாமாதம் கட்டியது வங்கி மூலமா?" என்று மட்டும் கேட்டார். வங்கி மூலம்தான். கட்டியதும் எடுத்ததும் கணக்கில் தெரிந்தது, சீட்டுப் பிடித்த மாமியிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். கையில் காசாகக் கட்டியிருந்தால் ஏற்றிருப்பார்களா தெரியாது. இதையெல்லாம் ஆரம்பத்திலேயே கேட்டதுதான் பெரிய விஷயம். என் கணவருடைய தம்பிக்கு வேறு ஓர் அலுவலகம், ஒப்பந்தம் மாற்றுகிற (இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறி வாங்கலை உறுதிசெய்கிற) வாரத்தில் கேட்டு, வீடு கைநழுவும் நிலை வந்தது.

அடுத்தது லீஸ். 83 வருடம் மிச்சம் இருந்தது. ஏஜென்ட் "நிறைய இருக்கிறது" என்றார். சட்டத்தரணியின் அறிக்கையில் முதல் பக்கமே அதுதான்: 80க்குக் கீழே போனால் நீட்டிக்கிற செலவு ஏறும், 2024 சட்டம் அந்தக் கூடுதல் தொகையை நீக்கச் சொன்னாலும் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் நீட்டிக்க வீட்டை வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31உடன் போய்விட்டது, ஆகவே வீடு உங்கள் பெயரில் பதிவானதுமே விண்ணப்பியுங்கள். விளங்குகிற மொழியில் இருந்தது.

கட்டடத்தைப் பராமரிக்கிற மனேஜிங் ஏஜென்ட்டின் பத்திரக்கட்டு வந்து சேர ஒரு யுகம் ஆனது, அதற்கு எங்கள் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. வந்ததும் அதற்குள் கூரை திருத்த வேலைக்கான செக்‌ஷன் 20 அறிவித்தல் இருந்ததை எங்கள் இளம் சட்டத்தரணிப் பெண் கண்டுபிடித்தார். ஒரு ஃப்ளாட்காரரின் பங்கு 250 பவுணைத் தாண்டும் என்றால் முன்கூட்டி அப்படி அறிவிக்க வேண்டும். விற்பவர் வாயே திறக்கவில்லை. கூரை வேலையின் கணக்கு வரும்வரை விற்ற பணத்தில் ஒரு பகுதியை அவருடைய சொலிசிட்டரே பிடித்துவைக்க வேண்டும் என்று எழுதி, ஒத்துக்கொள்ளவும் வைத்தார். நாங்கள் கொடுத்த கட்டணம் அந்த ஒரு கடிதத்திலேயே வந்துவிட்டது. வீட்டைப் பற்றிய கவுன்சில், தண்ணீர், சுற்றுச்சூழல் விவரங்களை விசாரிக்கிற தேடல்கள் வழமைபோல, சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுவர் ஈரமா, வெடிப்பா என்று சொலிசிட்டர் வந்து பார்க்க மாட்டார். அதற்கு சர்வேயர் தனி.

சரி, இனிக் குறை. போன் எடுக்க மாட்டார்கள். இணையத்தில் கணக்குத் திறந்து தந்து அதில் பார்க்கச் சொன்னார்கள். அதில் வாரக்கணக்கில் ஒரே வரி கிடந்தது. அந்தச் சட்டத்தரணி விடுப்பில் போன சமயம் கோப்பைப் பார்த்தவர், ஏற்கெனவே கொடுத்த பத்திரங்களை மறுபடி கேட்டார். இன்னும் மோசம், இருவர் பெயரில் வாங்கும்போது கூட்டாகவா, பங்கு பிரித்தா என்பதைப் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் போடச் சொல்லி விட்டுவிட்டார்கள். கூட்டாக என்றால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழுதாகப் போகும், பங்கு என்றால் உயில்படி போகும். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கும் குடும்பங்களுக்கு இது இருத்தி வைத்துக் கதைக்க வேண்டிய விஷயம். முறைப்பாடு கொடுத்தேன், பார்ட்னர் ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எட்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சட்டத்தரணிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், அவ்வளவுக்குப் போகவில்லை.

ஒப்பந்தம் மாற்றும்வரை இரு பக்கமும் விலகலாம், மாற்றிய பின் விலகினால் 10 வீத முற்பணம் போகலாம். அந்த முற்பணத்தை அனுப்புகிற வங்கி விவரத்தை முதல் கடிதத்திலேயே தாளில் தந்து, ஈமெயிலில் ஒருபோதும் மாற்ற மாட்டோம், அனுப்பமுன் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள் என்றிருந்தார்கள். ஈமெயிலைக் களவாடிக் கணக்கு எண்ணை மாற்றுகிறவர்கள் இருப்பதால் இது நல்ல பழக்கம். நான் கூப்பிட்டேன், அன்று மட்டும் உடனே எடுத்தார்கள்!

சாவி வாங்கிய பிறகும் வேலை உண்டு: 14 நாளுக்குள் வரிப்படிவம், பிறகு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில், அதாவது அரசாங்கத்தின் காணிப் பதிவேட்டில், பதிவு. பதிவுக்கு மாதங்கள் ஆகும், பயப்படத் தேவையில்லை. மாமி இன்னும் "உறுதி எங்கே, பெட்டியில் வைக்க வேண்டாமா?" என்கிறார். பதிவேட்டின் பிரதியை 7 பவுணுக்கு இறக்கி அச்செடுத்துக் கொடுத்தேன், திருப்தி இல்லை.

லீஸ்ஹோல்ட் வாங்குகிறவர்களை இங்கே அனுப்புவேன், அந்தச் சட்டத்தரணி இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு. எல்லாம் எழுத்தில் கேட்டுப் பழகியவர்களுக்குச் சரிவரும். தினமும் போனில் கதைத்தால்தான் நித்திரை வரும் என்றால் வேறு இடம் பாருங்கள்.