மும்பை ஈரத்தில் தாங்குவது எது: கர்லரா, லாஷ் லிஃப்டா?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் கல்யாண மேக்கப் செய்யும்போது நான் அதிகம் பார்ப்பது நீளமும் அடர்த்தியுமான இமை முடிதான். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு அது நேராக, கீழ்நோக்கி இறங்கியிருக்கும். எவ்வளவு அழகாக மை தீட்டினாலும் முடியின் நிழல் கண்மேல் விழுந்து, தூங்கி எழுந்த களை தெரியும். இதற்கு இரண்டு வழி உண்டு. இமை முடியை அழுத்தி வளைக்கும் சின்னக் கருவியான கர்லரால் தினமும் காலையில் வளைத்துக்கொள்வது ஒன்று. பார்லரில் ஒரு மணி நேரம் படுத்து, மருந்து வைத்து இமை முடியை மேல்நோக்கி வளைக்கும் லாஷ் லிஃப்ட் செய்துகொண்டு இரண்டு மாதம் மறந்துவிடுவது இன்னொன்று. வேறு ஊரென்றால் என் பதில் மாறலாம். மும்பையில் இருந்துகொண்டு கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு நான் லிஃப்டைத்தான் சொல்வேன்.

காரணம் காற்றில் இருக்கும் ஈரம். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். கர்லர் அதை அழுத்தி வளைக்கும்போது உள்ளே இடம் மாறுவது ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே. அவை தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காய்ந்தால் மறுபடி சேரும். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை மழைச் சாரலில் மடிப்பு கலைவதும் இதே காரணத்தால்தான். முலுண்டில் காலை ரயில் ஏறி, பெண்கள் பெட்டியின் நெரிசலில் வியர்த்து, சிஎஸ்எம்டியில் இறங்குவதற்குள் வளைவு பாதி இறங்கிவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தாண்டி நிற்கும் நாட்களே அதிகம். அந்த நான்கு மாதமும் கர்லர் வேலை செய்வது வீட்டுக் கண்ணாடி முன்னால் மட்டும்தான்.

இதைச் சமாளிக்க எல்லோரும் மஸ்காராவைத் தேடுவார்கள். சாதாரண மஸ்காராவில் கணிசமான பங்கு தண்ணீர். அதைப் பூசியதும் வளைத்த முடி நனைந்து பழையபடி நேராகும். அதனால் வாட்டர்ப்ரூஃப் வாங்குகிறார்கள். அது வளைவைப் பிடித்து வைப்பது உண்மைதான். ஆனால் ராத்திரி எண்ணெய்ப் பசையுள்ள ரிமூவர் இல்லாமல் அது போகாது. அலுத்துப்போய் வீடு திரும்பியவர் பஞ்சை வைத்துப் பொறுமையாக ஊறவைப்பதில்லை, தேய்த்துவிடுகிறார். தினமும் தேய்த்தால் முடி உதிரத்தான் செய்யும். கர்லர் இமை முடியைக் கெடுக்கிறது என்று சொல்பவர்களிடம் பேசிப் பார்த்தால், பாதிப் பேருக்குக் கெடுதல் செய்தது இந்தத் தேய்த்தல்தான். மீதிப் பேர் மஸ்காரா போட்ட பிறகு கர்லரை வைத்தவர்கள். காய்ந்து விறைத்த முடி ரப்பர் பட்டையில் ஒட்டிக்கொள்ளும், கர்லரை எடுக்கும்போது வேரோடு வரும். முதலில் கர்லர், பிறகுதான் மஸ்காரா. இந்த வரிசை மாறவே கூடாது.

லிஃப்ட் வேறு இடத்தில் வேலை செய்கிறது. ரீபாண்டிங் செய்துகொண்டவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே சுருள் முடியை நேராக்கும் வேதியியல்தான் இங்கே நேரான முடியை வளைக்கிறது. கெரட்டினில் கந்தகப் பிணைப்புகள் உண்டு, முடியின் வடிவத்தை நிரந்தரமாகப் பிடித்து வைப்பவை அவை. கண்ணை மூடச் சொல்லி, மேல் இமையில் வளைந்த சிலிகோன் அச்சு ஒன்றை ஒட்டுவார்கள். இமை முடிகளை ஒவ்வொன்றாகச் சீவி, பசையால் அந்த அச்சின்மேல் நிமிர்த்திப் படிய வைப்பார்கள். முதல் கரைசலில் தையோகிளைக்கோலிக் அமிலத்தின் உப்போ சிஸ்டியமினோ இருக்கும், அது கந்தகப் பிணைப்பை அவிழ்க்கும். இரண்டாவது கரைசல் புது வடிவத்தில் அதை மறுபடி கட்டும். கடைசியில் ஊட்டம் தரும் எண்ணெய் ஏதாவது தடவித் துடைத்துவிடுவார்கள். முதல் ஒரு நாள் தண்ணீர், ஆவி, மஸ்காரா எதுவும் கூடாது. அதற்குப் பிறகு மழையில் நனையலாம், முகம் கழுவலாம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். ஆறிலிருந்து எட்டு வாரம் வளைவு நிற்கும்.

இந்த எட்டு வாரத்தைப் பற்றிப் பார்லரில் முழுதாகச் சொல்வதில்லை. வளைவு இளகி மறைவதில்லை. வளைந்த முடி உதிர்ந்து, அந்த இடத்தில் நேரான புது முடி வருகிறது. மேல் இமையில் சுமார் நூறு, நூற்றைம்பது முடி இருக்கும். எல்லாம் ஒரே நாளில் உதிராது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. அதனால் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் பாதி நிமிர்ந்தும் பாதி படுத்தும் இருக்கும். அந்தக் கலவை சிலருக்குப் பிடிக்காது. அதைப் பார்த்துப் பதறி அவசரமாக மறுபடி லிஃப்ட் செய்தால், ஏற்கெனவே மருந்து பட்ட முடி இன்னொரு முறையும் மருந்தில் ஊறி, நுனி பொரிந்து உடையும். எட்டு வாரம் ஆகட்டும். அந்த இடைவெளியில் கர்லரையும் எடுக்க வேண்டாம்.

பணக் கணக்கில் கர்லர்தான் ஜெயிக்கிறது. சில நூறு ரூபாய்க்கு நல்ல கர்லர் கிடைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரப்பர் பட்டையை மாற்றினால் போதும். லிஃப்டுக்கு ஒரு தடவை இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம். வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒரு பெண்ணுக்கு இது சின்னத் தொகை இல்லை. மழைக்காலத்துக்கு மட்டும் இரண்டு தடவை செய்துகொண்டு, காற்று சற்றே உலரும் டிசம்பர், ஜனவரியில் கர்லருக்குத் திரும்பலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

உடனே லிஃப்ட் வேண்டாம் என்றும் சிலருக்குச் சொல்வேன். கண் சிவந்திருப்பவர்கள், இமை ஓரம் பொருக்குத் தட்டி அரிப்பவர்கள், லேசிக்கோ கண்புரை அறுவையோ சமீபத்தில் செய்துகொண்டவர்கள் முதலில் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். ரீபாண்டிங் மருந்தோ தலைச் சாயமோ ஒத்துக்கொள்ளாமல் தோல் தடித்தவர்களும் அப்படியே. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கர்லரிலும் ஒரு ஒவ்வாமை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கவரிங் நகை போட்டால் காது அரிக்கிறவர்களுக்கு நிக்கல் ஆகாது என்று பொருள். உலோகக் கர்லரின் பூச்சு தேய்ந்தால் அதே நிக்கல் இமையில் படும். அவர்கள் பிளாஸ்டிக் சட்டம் உள்ளதை வாங்கட்டும்.

மோசமான லிஃப்டைவிடக் கர்லர் ஆயிரம் மடங்கு மேல். கர்லரில் தப்பு நடந்தால் தண்ணீர் தொட்டு நேராக்கிவிடலாம். லிஃப்டில் கரைசல் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றாலோ, நீள முடிக்குச் சின்ன அச்சு வைத்து அளவுக்கு மேல் சுருட்டிவிட்டாலோ, அந்த முடி உதிரும்வரை அதோடு இருக்க வேண்டியதுதான். இணையத்தில் விற்கும் வீட்டு லிஃப்ட் பெட்டிகளை நான் கடுமையாக எதிர்ப்பதும் இதனால்தான். கண்ணை மூடிக்கொண்டு தன் இமையில் தானே எப்படி ரசாயனக் கரைசல் தடவ முடியும்? ஐரோப்பிய ஒன்றியம் இமை முடி வளைக்கும் பொருட்களில் தையோகிளைக்கோலிக் அமிலத்துக்கு 11 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதையும் தொழில்முறையாளர் மட்டுமே கையாள வேண்டும் என்கிறது. காரணம் இல்லாமல் வைத்த விதி இல்லை அது.

லிஃப்டோடு கறுப்புச் சாயமும் ஏற்றட்டுமா என்று கேட்பார்கள். நம் முடிக்கு அது தேவையே இல்லை, இயற்கையிலேயே கறுப்பு. 1933-ல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தால் ஒரு பெண் கண்பார்வையையே இழந்தார். 1938-ல் அங்கே அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததில் அந்தச் சம்பவத்துக்கும் பங்கு உண்டு. நரைத்த இமை முடி உள்ளவர்கள் யோசிக்கலாம், மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கல்யாணப் பெண்களுக்கு என்னிடம் இரண்டாவது யோசனையே கிடையாது, லிஃப்ட்தான். விடியற்காலை முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே மேக்கப் ஆரம்பிக்கிறது. ஹோமப் புகையில் கண் எரிந்து நீர் வரும். அப்பா மடியில் உட்காரும் நேரத்தில் அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. கர்லரும் மஸ்காராவும் அந்த இரண்டு நீரையும் தாங்காது. போட்டோவில் தாலி கட்டும் நேரம்தான் எல்லோரும் பார்ப்பது, அப்போது இமை முடி தொய்ந்திருந்தால் மனசு கேட்காது. ஆனால் முதல் லிஃப்டைக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் செய்யாதீர்கள். மூன்று மாதம் முன்னால் ஒருமுறை செய்து பார்த்து, உங்கள் முடி எப்படி எடுக்கிறது என்று தெரிந்துகொண்டு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

ஆக, நேரான நீள முடி, தினசரி ரயில் பயணம், காலையில் நேரமில்லை என்றால் லிஃப்ட். எப்போதாவது விசேஷத்துக்கு மட்டும் என்றாலோ, முடி ஏற்கெனவே கொஞ்சம் வளைந்திருந்தாலோ, கண்ணில் அடிக்கடி தொந்தரவு வந்தாலோ கர்லர் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு லாபம் கூடுதலாக உண்டு. முன்னால் நீட்டி லென்ஸில் உரசிக் கறை படிய வைக்கும் முடி, லிஃப்டில் மேலே எழும்பி விலகிக்கொள்ளும்.

பார்லருக்குப் போன் செய்யும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ மருந்தைத் தொட்டுவைத்து ஒரு நாள் காத்திருந்து பார்ப்பார்களா? அச்சு எத்தனை அளவில் வைத்திருக்கிறார்கள்? கரைசல் ஒருமுறைக்கான சின்னப் பொட்டலமா, திறந்து வைத்த பெரிய பாட்டிலா? எத்தனை நிமிடம் என்று உங்கள் முடியைப் பார்த்து முடிவு செய்வார்களா, எல்லோருக்கும் ஒரே கணக்கா? “அதெல்லாம் வேண்டாம் மேடம், நேரா வந்துடுங்க, அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.